ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து

ஒட்டகச்சிவிங்கி மூன்று துண்டாக விழுந்ததற்கு மறுநாள் காலை, முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். தட்டச்சு செய்த தாள். கீழே என் பெயரும் தேதியும் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"படிச்சுட்டுப் போடும்மா," என்றார். "உனக்கு ஒண்ணும் வராது. உன் மேல தப்பு இல்லன்னுதான் எழுதியிருக்கு."

படித்தேன். என் மேசையிலிருந்து ஃபைல் எந்தக் குறையும் இல்லாமல் போனதாம். லேசர் மிஷினில் ஏற்றியபோது, மிஷினை இயக்குபவரின் கவனக்குறைவால் தகடு பாழானதாம். இதை நான் நேரில் கண்டேனாம். வாடிக்கையாளர் ஒரு குழந்தைகள் மருத்துவமனை. தாமதத்துக்கு யார் காரணம், அந்த ஆள் மேல் என்ன நடவடிக்கை என்று எழுத்தில் கேட்டிருந்தார்கள். 'நடவடிக்கை' என்ற இடத்தில் 'பணியிலிருந்து நீக்கம்' என்று அழகாக எழுதி வைத்திருந்தார்.

மிஷினை இயக்குபவர் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தங்கை. எங்கள் இருவருக்கும் ஆறு வருடமாகப் பேச்சு கிடையாது. பட்டறையில் தண்ணீர் கேன் கொண்டுவந்து போடுகிறவருக்குக்கூட இது தெரியும். அதனால்தான் முதலாளிக்கு அவ்வளவு தைரியம். கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே போவேன் என்று நினைத்திருக்கிறார்.

"போட மாட்டேன் சார்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, திடீர்னு அவ மேல என்ன பாசம்?"

"பாசம் எல்லாம் ஒரு மண்ணும் இல்ல. எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அது எங்க வீட்டு விவகாரம். இது பொய். ரெண்டையும் சேர்க்காதீங்க."

எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் கழுத்து அறுந்த கதை புரியாது. பெயர்ப்பலகை எழுத்து, கடை வாசலில் மாட்டும் சின்னம், சுவரில் பதிக்கும் உருவம், இப்படி உலோகத் தகட்டில் எதை வேண்டுமானாலும் வெட்டிக் கொடுக்கிறோம். வாடிக்கையாளர் கொண்டுவரும் படத்தைக் கணினியில் கோடுகளாக மாற்றி, மிஷின் வெட்டும்படி சீர்செய்து கொடுப்பது என் வேலை. பதினோரு வருடமாகக் கோடு, கோடு, கோடு. அதனால் எல்லோருக்கும் நான் கோட்டக்கா. என் சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில்தான் பார்க்கிறேன்.

லேசருக்குக் கண் கிடையாது. அதற்கு யானையும் தெரியாது, பூனையும் தெரியாது. கோடு போகிற வழியில் நெருப்பு போகும், அவ்வளவுதான். ஆகவே ஒரு உருவத்தின் வெளிக்கோடு தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடிய வேண்டும். எங்காவது இரண்டு கோட்டு முனைகள் தொட்டுக்கொண்டிருப்பது போல் இருந்து, உண்மையில் இணையாமல் கிடந்தால் தொலைந்தது. திரையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தகட்டில்தான் தெரியும். அப்போது தகடு குப்பைக்குப் போயிருக்கும். அந்த முனைகளைத் தேடிப்பிடித்து ஜாயின் செய்வதுதான் என் நாளில் பாதி. இதில் வாழ்க்கைத் தத்துவம் ஏதாவது இருக்கிறதா என்று தேடாதீர்கள். நான் தேடிப் பார்த்துவிட்டேன். தலைவலிதான் இருக்கிறது.

வேறு பட்டறைகளில் கோடு போடுகிறவர் மிஷின்காரரிடம் போய் வாயால் சொல்லிவிடுவார். எங்களுக்கு வாய் கிடையாதே. அதனால் நான் ஒரு மஞ்சள் சீட்டு எழுதுவேன். மொத்தம் எத்தனை மூடிய உருவங்கள், திறந்த முனை எத்தனை, எத்தனை மணிக்கு முடித்தேன். எங்கள் இருவர் இடத்துக்கும் நடுவே இருக்கும் கண்ணாடித் தடுப்பில் ஒட்டிவிட்டு, ஃபைலை 'வெட்டலாம்' என்ற ஃபோல்டரில் போடுவேன். அவள் வந்து சீட்டை உரித்துக்கொண்டு போய், மிஷின் காட்டும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்து வெட்டுவாள். ஆறு வருடத்தில் ஒரு தகடு வீணானதில்லை. முதலாளி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தச் சீட்டைக் காட்டி, "இது எங்க சிஸ்டம்" என்று பெருமை அடித்துக்கொள்வார். இரண்டு பொம்பளைகளின் முறைப்புக்கு அவர் வைத்த பெயர் சிஸ்டம்.

மருத்துவமனை வாசலுக்கான ஒட்டகச்சிவிங்கிக்கும் அப்படித்தான் சீட்டு எழுதினேன். வெளிக்கோடு ஒன்று, உடம்பில் வெளிச்சம் வரும் திட்டுகள் ஐம்பத்தெட்டு, கண் ஒன்று, மேலே மாட்டுவதற்குத் துளை ஒன்று. ஆக அறுபத்தொன்று. திறந்த முனை பூஜ்யம். பதினொன்றே காலுக்கு ஒட்டினேன். மூன்று மணிக்கு அந்தப் பக்கம் தடால் என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் தலை தனி, கழுத்து தனி, உடம்பு தனி. தங்க நிறத் தகடு. அந்த நிறத்தில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் கையிருப்பு.

"சரி," என்றார் முதலாளி. பேச்சை மாற்றுகிறபோது அவர் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவார். தட்டினார். "நாளைக்குக் காலைல வண்டி வருது. முதல்ல ஃபைலைச் சரி பண்ணு. மத்தியானத்துக்குள்ள வெட்டணும். கையெழுத்தைச் சாயந்திரம் பார்த்துக்கலாம்."

"ஃபைலைத் திறக்கிறப்ப நீங்களும் பக்கத்துல இருங்க. மாப்பிள்ளை சாரையும் கூப்பிடுங்க."

மாப்பிள்ளை என்பது முதலாளியின் மருமகன். போன வருடம் டிசைன் பிரிவுக்குத் தலைவராக வந்து உட்கார்ந்தார். நல்ல பையன் என்றுதான் சொல்ல வேண்டும். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். ஆனால் அவசரக்காரர். ஒரு வேலை முடிந்ததா என்று அவரைக் கேட்டால், முடிந்தது போல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆமாம் என்பார்.

என் மேசைக்குப் பின்னால் இருவரும் வந்து நின்றார்கள், முதலாளி கையில் அந்தத் தாளோடு. 'வெட்டலாம்' ஃபோல்டரிலிருந்து ஒட்டகச்சிவிங்கியைத் திறந்தேன். திரை முழுக்கத் தங்க நிறத்தில் ஜம்மென்று நின்றது. கழுத்து நான் வரைந்ததைவிட ஒரு சாண் நீளம்.

"இது நான் அனுப்பின கழுத்து இல்ல," என்றேன். "பதினொண்ணே காலுக்குச் சீட்டு ஒட்டினேன். ஃபைலைக் கடைசியா சேவ் பண்ணின நேரம் ஒண்ணு அஞ்சு. அந்நேரம் நான் கேன்டீன்ல இருந்தேன்."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "கஸ்டமர் போன் பண்ணினாங்க அக்கா. கழுத்து இன்னும் கொஞ்சம் நீளமா வேணும்னாங்க. நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. சின்ன வேலைதானேன்னு நானே பண்ணிட்டேன். ஆனா பாருங்க, ஒழுங்காதானே இருக்கு. எங்க வெட்டுப்பட்டிருக்கு? எல்லாம் ஒரே கழுத்து."

அவுட்லைன் காட்சிக்கு மாற்றினேன். ஒரு விசையைத் தட்டினால் போதும், நிறமெல்லாம் போய்க் கோடு மட்டும் நிற்கும். மேக்கப்பைக் கழுவிவிட்டுப் பார்க்கிற மாதிரி. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில், மேலே ஒரு நேர்கோடு, கீழே ஒரு நேர்கோடு. கத்தி வைத்தது போல் இரண்டும் குறுக்கே ஓடின.

முதலாளி குனிந்து பார்த்தார்.

"கழுத்தை இங்க கட் பண்ணி, தலையை மேல தூக்கி வச்சிருக்கீங்க," என்றேன். "நடுவுல இருந்த இடைவெளிக்குப் புதுசா ஒரு துண்டு வரைஞ்சு சொருகியிருக்கீங்க. மூணுக்கும் ஒரே தங்கக் கலர். பக்கத்துல பக்கத்துல வச்சதால ஒண்ணு மாதிரி தெரியுது."

"ஜாயின் பண்ணினேனே," என்றார் மாப்பிள்ளை. "முதல்ல ஆகலை. ரெண்டு முனையைப் பிடிச்சு ஜாயின் கொடுத்தா, முடியாதுன்னு திரையில ஒரு செய்திப் பெட்டி வந்து நிக்குது. நாலு தடவை வந்துச்சு. அப்புறம் தலையைத் தனியா தொட்டு ஜாயின் கொடுத்தேன். பெட்டி வரலை. உடம்பையும் அப்படியே பண்ணினேன். வரலை. சரி, ஆயிடுச்சுன்னு நினைச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. முடியாது என்று நாலு தடவை சொல்கிற பெட்டியை, அது வாயை மூடும் வரை தட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் வேலையா? ஒரே ஒரு துண்டைத் தொட்டு ஜாயின் கொடுத்தால், சாஃப்ட்வேர் அந்தத் துண்டின் இரண்டு முனைகளையும் நேர்கோடாக இழுத்துக் கட்டிவிடும். கேட்டதைத்தான் செய்யும். தலையை மூடச் சொன்னார், மூடியது. உடம்பை மூடச் சொன்னார், மூடியது. லேசர் அந்தக் கோடுகளின் மேல் நெருப்பை ஓட்டியது. அது வேறென்ன செய்யும்?

"அது சாஃப்ட்வேர் கோளாறுதான்," என்றார் முதலாளி மெதுவாக.

"கோளாறு இல்ல சார். ஏன் முடியாதுன்னு சொல்லுச்சுன்னு பார்ப்போம்."

குறுக்குக் கோடுகளை அழித்தேன். இப்போது தலையில் இரண்டு முனை திறந்தது, உடம்பில் இரண்டு. தலையின் இடது முனையையும் கழுத்துத் துண்டின் இடது முனையையும் முனைகளைப் பிடிக்கும் வெள்ளை அம்புக் கருவியால் பிடித்து ஜாயின் கொடுத்தேன். பெட்டி வந்தது. முடியாதாம். மாப்பிள்ளை, பார்த்தீங்களா என்பது போல் மாமனாரைப் பார்த்தார். மாமனார் என்னைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை.

முதலில் குரூப். கழுத்துத் துண்டு ஒரு குரூப்புக்குள் கிடந்தது, தலை வெளியே கிடந்தது. வெவ்வேறு மூட்டையில் கிடக்கிற கோடுகள் ஒன்றோடு ஒன்று சேராது. எல்லா மூட்டையையும் அவிழ்த்தேன். மறுபடி ஜாயின். மறுபடியும் பெட்டி.

அப்போதுதான் எண்ணிக்கையைப் பார்த்தேன். குறுக்குக் கோட்டோடு மாப்பிள்ளை சேவ் செய்த ஃபைலைத் தனியாக இன்னொரு தடவை திறந்தேன். ஒரு வெளிக்கோடு மூன்று துண்டாகியிருந்தால் அறுபத்து மூன்று உருவம் இருக்க வேண்டும். திரை அறுபத்து நாலு என்றது. ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்காமல் அந்தக் கடைசித் தகட்டைத் தொட்டால் அதுவும் போய்விடும். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தாள் அடிப்பார்கள்.

ஒளிந்திருக்கிறதைப் பிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, மேலே தெரிவதைக் கொஞ்சம் தள்ளி வைப்பது. கழுத்துத் துண்டைப் பிடித்து இடது பக்கமாக நகர்த்தினேன். அது நகர்ந்தது. பழைய இடத்திலும் ஒரு கழுத்து அப்படியே நின்றது.

"ரெண்டு தடவை ஒட்டியிருக்கீங்க," என்றேன். "அதே இடத்துல, ஒண்ணு மேல ஒண்ணு. ரெண்டுக்கும் முனை ஒரே இடத்துல. நான் ரெண்டு முனையைப் பிடிச்சேன்னு நினைச்சா, உண்மையில மூணு முனை மாட்டுது. அதான் முடியாதுங்குது."

ஒன்றை அழித்தேன். ஜாயின் கொடுத்தேன். பெட்டி. அழவே வந்துவிட்டது. இரண்டு பேர் என் முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போது அழுவேனா? இன்னும் பெரிதாக்கினேன். திரை முழுக்க அந்த ஒரு மூலை மட்டும். முனையை இம்மியளவு ஒதுக்கினேன். அடியில் ஒரே ஒரு புள்ளி, தனியாக, எந்தக் கோட்டோடும் சேராமல், உருவம் இல்லாததால் எண்ணிக்கையிலும் வராமல். வரைகிற கருவியால் தெரியாமல் ஒரு தடவை தட்டிவிட்டு வேறு வேலைக்குப் போனால் இப்படி ஒரு அநாதைப் புள்ளி விழுந்துவிடும். அதையும் அழித்தேன். கையை ஒரு தடவை புடவையில் துடைத்துக்கொண்டு ஜாயின் கொடுத்தேன்.

பெட்டி வரவில்லை. இடது பக்கம் சேர்ந்தது. கீழேயும், வலது பக்கம் இரண்டு இடத்திலும் அடுத்தடுத்துச் சேர்ந்தன. எண்ணிக்கை அறுபத்தொன்று. அவுட்லைனில் ஒட்டகச்சிவிங்கி ஒரே இழுப்பில் கால் முதல் கொம்பு வரை ஓடியது. பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன், இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நிறையத்தான் செய்கிறது.

"சரி, ஏதோ நடந்துபோச்சு," என்றார் முதலாளி. மேசையை இரண்டு தட்டு. "ஆனா ஒண்ணு கேக்கறேன். மிஷின்லயும் எண்ணிக்கை காட்டும்ல? உன் சீட்டுல அறுபத்தொண்ணு. மிஷின்ல அறுபத்து நாலுன்னு வந்திருக்கும். அதைப் பார்க்கறதுதானே அவ வேலை? பார்க்காம வெட்டினா அது கவனக்குறைவுதானே? அப்ப தாள்ல இருக்கறது பொய்யா?"

இதைத்தான் நான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். ஏனென்றால் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

"பார்த்தேன்," என்று வாசல் பக்கமிருந்து குரல் வந்தது. நாத்தனார். எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. கையில் கறுத்த கையுறை. "அறுபத்து நாலுன்னு காட்டுச்சு. பார்த்தேன். கேட்டிருக்கணும். கேக்கல."

"ஏன் கேக்கல?"

அவள் கையுறையின் விரல் நுனியை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வீட்டில் படிக்கிற இரண்டு பெண்கள். கணவர் இடுப்பு ஒடிந்து நாலு வருடமாகப் படுக்கையில். இந்த வேலை போனால் அந்த வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது. அவள் ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் என் மாமனார் ஒரு மத்தியான நேரத்தில் மருத்துவமனையில் இறந்துபோனார். எனக்குத் தகவல் வரவில்லை. வேலை முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனேன். கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். அத்தனை பேர் முன்னால் இவள் எழுந்து நின்று, "நான் போன் பண்ணிச் சொன்னேன். வேலை இருக்கு, முடிச்சுட்டு வர்றேன்னு சொன்னாங்க. அப்பா சாகறப்பகூட இவங்களுக்குக் கோடு போடறதுதான் முக்கியம்," என்றாள். எனக்கு எந்த போனும் வரவில்லை. என் போனை எடுத்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். "விடு, இப்ப எதுக்கு அது," என்றார். அந்த 'விடு'வை நான் இன்றுவரை விடவில்லை. ஒரு கூடம் நிறைய ஆட்கள் முன்னால் என் மேல் பொய்ப் பழி விழுந்தது. எனக்காக ஒருத்தர் வாய் திறக்கவில்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அதை இன்னொருத்தர் தலையில் வைக்க என் கை வராது. அந்த இன்னொருத்தர் இவளே ஆனாலும் சரி.

"அவ கேக்க வந்தா சார்," என்றேன். "ரெண்டரை மணிக்கு எழுந்து நின்னு கண்ணாடி வழியா என்னைப் பார்த்தா. ஏதோ கேக்கணும்னு நிக்கிறான்னு எனக்குத் தெரிஞ்சுது. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். வேணும்னேதான் திருப்பிக்கிட்டேன். அவளும் ரோஷத்துல போய் வெட்டிட்டா."

பக்கத்து மேசைகளில் இரண்டு பேர் திரையைப் பார்ப்பது போல் பாவனை செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுட்டது. சுடட்டும் என்றிருந்தேன்.

முதலாளியின் கையிலிருந்த தாளை வாங்கி, பின்பக்கம் திருப்பி, மேசையில் வைத்து எழுதினேன். என் ஃபைலை என்னைக் கேட்காமல் மாற்றியவர் டிசைன் தலைவர். இணையாத கோட்டை இணைந்ததாக நினைத்து, சரிபார்க்காமல் 'வெட்டலாம்' ஃபோல்டரில் போட்டவரும் அவரே. மிஷின்காரர் கேட்க வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவள் நான். கீழே கையெழுத்துப் போட்டு நாத்தனாரிடம் நீட்டினேன். அவள் கையுறையைக் கழற்றி, இரண்டு தடவை படித்து, "எண்ணிக்கை ஒத்துப்போகாததைப் பார்த்தும் கேட்காமல் வெட்டியவள் நான்" என்று ஒரு வரி சேர்த்துத் தன் கையெழுத்தைப் போட்டாள். அவள் கையெழுத்து என்னுடையதைவிட அழகு. அதிலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

தாளை மாப்பிள்ளை முன்னால் வைத்தேன்.

"நான் எதுக்கு?" என்றார் அவர். குரல் உள்ளே போயிருந்தது.

"சரி சரி," என்று முதலாளி இடையில் கையை நீட்டினார். "யாரும் எதுவும் போட வேண்டாம். தாளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கஸ்டமர்கிட்ட நான் வாயால பேசிக்கறேன். போய் வேலையைப் பாருங்க."

தாளின் மேல் என் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டேன். "நீங்கதான் சார் எழுத்துல வேணும்னீங்க. அவ ஒருத்தி பேர் இருந்தப்ப எழுத்து வேணும். இப்ப மூணு பேர் வந்ததும் வாய் போதுமா? இன்னைக்கு இதைக் கிழிச்சுப் போட்டா, அடுத்த தடவை மறுபடி அவ பேர்ல ஒரு தாள் வரும். இல்ல என் பேர்ல வரும். அவர் போடட்டும்."

நாத்தனார் மிஷின் சாவியைக் கழுத்துக் கயிற்றிலிருந்து கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பையின் பொத்தானையும் மாட்டினாள்.

"என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து மிரட்டறீங்களா?" முதலாளிக்கு இப்போதுதான் நிஜமாகவே கோபம் வந்தது. "நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நிமிஷம் ஆகும் சார்," என்றேன். "ஒட்டகச்சிவிங்கி வெட்ட முப்பது நிமிஷம் ஆகும். எதை முதல்ல பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க."

வேலை போனால் போகட்டும் என்று நான் சொல்லவில்லை. போகக் கூடாது, எனக்கு இந்த வேலை வேண்டும். ஆனால் இந்த வேலைக்காக அந்தத் தாளின் முன்பக்கத்தில் என் கையெழுத்து இருக்கக் கூடாது. இரண்டும் எனக்கு வேண்டும் என்று நின்றேன்.

மாப்பிள்ளைதான் முதலில் அசைந்தார். "மாமா, விடுங்க. நான்தானே பண்ணினேன்," என்று சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார். எடுத்தேன். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமல் அப்படியே வைத்துவிட்டுப் போனார். முதலாளி தாளை எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பன்னிரண்டுக்கு வெட்டி முடிச்சிருக்கணும்," என்று மட்டும் சொன்னார். நீக்கம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பன்னிரண்டுக்குள் முடிந்தது. இரண்டரை மீட்டர் ஒட்டகச்சிவிங்கி, கொம்பிலிருந்து குளம்பு வரை ஒரே துண்டாக மிஷின் மேடையில் கிடந்தது. அதை ஒருத்தியால் தூக்க முடியாது. வழக்கமாகப் பொட்டலம் கட்டுகிற பிரிவிலிருந்து யாரையாவது கூப்பிடுவாள். அன்று கண்ணாடியைத் தட்டினாள். நான் எழுந்து போனேன்.

"அந்தப் பக்கம் பிடிங்க அண்ணி," என்றாள்.

நான் கால் பக்கம், அவள் தலைப் பக்கம். தூக்கிக்கொண்டு கட்டும் மேசையை நோக்கி அடி அடியாக நகர்ந்தோம். பாதி வழியில் அவள் சிடுசிடுத்தாள். "உங்களை யாரு எனக்காகப் பேசச் சொன்னது?"

"உனக்காக யாரு பேசினா? எனக்காகப் பேசினேன்."

இரண்டு அடி நடந்தோம். அவள் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்ததால் என் முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும். வேறு வழியில்லை.

"அன்னைக்கு நான் உங்களுக்குப் போன் பண்ணல," என்றாள். "அண்ணன் பண்ணச் சொன்னாரு. அழுதுக்கிட்டே இருந்ததுல மறந்துட்டேன். அப்புறம் எல்லாரும் கேட்டப்போ பண்ணினேன்னு சொல்லிட்டேன். சொன்னதை மாத்த முடியல."

தகடு என் கையில் கனத்தது. ஆறு வருடம் இதைக் கேட்பதற்காகத்தான் காத்திருந்தேன். கேட்டதும் மனசு இளகும் என்று நினைத்திருந்தேன். இளகவில்லை.

"நீ பண்ணலைங்கறது எனக்குத் தெரியாதா? போன் வரலைங்கறது, அது வந்திருக்க வேண்டியவளுக்குத் தெரியாதா? அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? எழுதிக் குடு. உன் அண்ணன் படிக்கணும். அன்னைக்குக் கூடத்துல இருந்த ஒவ்வொருத்தரும் படிக்கணும்."

"கை காலியா இல்ல," என்றாள்.

"இறக்கி வச்சுட்டு எழுது."

ஒட்டகச்சிவிங்கியை மேசையில் மெதுவாக இறக்கினோம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அதன் கழுத்தின் மேலேயே விரித்தேன். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையுறையைக் கழற்றினாள். முதல் வரியை அவள் எழுதி முடிக்கும் வரை நான் அங்கிருந்து நகரவில்லை.